சாக்லெட் கட்டி இருக்கிறது, குழந்தைக்கும் முயற்சி செய்கிறோம்: ஆபரேஷன் முதலா?

சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 32. கல்யாணமாகி மூன்று வருடம், ஒன்றரை வருடமாகக் குழந்தைக்கு முயற்சி. பள்ளிக்கூட நாளிலிருந்தே மாதவிலக்கில் கடுமையான வலி. இப்போது ஈப்போவில் ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் 4 செண்டிமீட்டர் சாக்லெட் கட்டி இருக்கிறது, இது எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். முட்டை இருப்பைக் காட்டும் ரத்தச் சோதனையான ஏஎம்எச் 9.8. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஆறு மாதம் விசான் மாத்திரை சாப்பிட்டு, உள்ளே சுத்தமான பிறகு முயற்சி செய்யுங்கள் என்கிறார். மாமியார் வயிறு உருவிவிடும் மலாய்க்காரப் பாட்டியிடம் கூட்டிப்போக நாள் பார்த்துவிட்டார். ஒரு பிள்ளை பெற்றால் நோயே போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். "யார் பேச்சைக் கேட்பது, ஆபரேஷன் முதலா முயற்சி முதலா" என்று முடித்திருக்கிறார்.

எழுத்தில் இருப்பது அந்தக் கேள்வி. அதற்குள்ளே இருப்பது வேறு: எனக்குக் குழந்தை உண்டா, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்பதுதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்டு என்று நம்புவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நேரமும் இருக்கிறது, ஆனால் வீணடிக்கிற அளவுக்கு இல்லை. நான் பேராக்கில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பெண்நோய் மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தவள். உங்கள் ஸ்கேன் படத்தை நான் பார்க்கவில்லை, உங்களைச் சோதித்தும் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதை உங்கள் டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்து வலி, பெயர் தெரிந்ததோ 32 வயதில். இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. இந்த நோய் கண்டுபிடிக்கப்பட நாலு வருடத்திலிருந்து பன்னிரண்டு வருடம் வரை ஆகிறது என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உண்டு என்றும் சொல்கிறது. நம் தோட்டங்களில் இன்னும் ஒரு காரணம் சேரும். அம்மாமார் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள். தோட்ட ஆஸ்பத்திரி டிரெசர் கொடுத்த வெள்ளை மாத்திரையை முழுங்கிவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். "எங்களுக்கு இல்லாத வலியா" என்று அவர்கள் சொன்னது கல்நெஞ்சால் அல்ல. அவர்களுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு இதே நோய் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் மகளுக்கும் தங்கைக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். உங்களுக்குத் தங்கை இருந்து, அவளும் வலியால் மாதாமாதம் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுக்கிறாள் என்றால் அவளையும் இப்போதே காட்டச் சொல்லுங்கள்.

நோய் என்ன செய்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். கருப்பையின் உள்ளே மாதாமாதம் வளர்ந்து உதிரும் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் இடுப்புக் குழிக்குள்ளும் வளர்கிறது. ரத்தம் கசிந்தால் வெளியே போக வழியில்லை. சுற்றிலும் அழற்சி உண்டாகிறது, நாளாக ஆக உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பைக்குள்ளே பழைய ரத்தம் சேர்ந்து கெட்டியானால் அது சாக்லெட் கட்டி. ஸ்கேன் திரையில் சாதாரண நீர்க்கட்டிகள் கறுப்பாகத் தெரியும். இதுவோ கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் மங்கல் மாதிரி, ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்கும். அனுபவமுள்ள கண்ணுக்கு அதுவே போதும். நோயை உறுதிப்படுத்த வயிற்றைத் துளைத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்பது பழைய கட்டாயம்; ஐரோப்பியக் கருவளச் சங்கமான எஷ்ரே 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அது இல்லை. ஆகவே, "உறுதிப்படுத்தவாவது ஆபரேஷன் செய்யணும்" என்று யாராவது சொன்னால் உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

இனி வாய்ப்பைப் பற்றி. நோய் உள்ளவர்களில் பத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் வருகிறது என்பது பொதுவான கணக்கு. அதைத் திருப்பிப் படியுங்கள்: பாதிப்பேருக்காவது பெரிய சிரமம் இல்லை. சிரமமில்லாத தம்பதிக்கு ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பே நூற்றுக்குப் பதினைந்து, இருபதுதான். சிகிச்சை எடுக்காத எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் அது இரண்டிலிருந்து பத்து வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறைகிறது, ஆனால் பூஜ்யமாகிவிடவில்லை. நோயின் கட்டத்துக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வலியே இல்லாமல் மூன்றாம், நாலாம் கட்டத்தில் இருப்பவர்களும் உண்டு. ஊசிமுனை அளவு புள்ளிகளோடு துடித்துப்போகிறவர்களும் உண்டு. 3 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட சாக்லெட் கட்டி இருந்தாலே பொதுவாக மூன்றாம் கட்டம் என்று எழுதிவிடுவார்கள். ரிப்போர்ட்டில் அப்படிப் பார்த்துப் பதறாதீர்கள். அது புள்ளி போடும் முறை. உங்களுக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்று அது சொல்லாது.

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. விசான் என்பது டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மருந்து. வலிக்கு நல்ல மருந்து, நானே நிறையப் பேருக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அது வேலை செய்வதே பெரும்பாலும் முட்டை வெளிவருவதை நிறுத்தித்தான். சாப்பிடும் ஆறு மாதமும் கரு தங்க அநேகமாக வழியில்லை. நிறுத்திய பிறகு வாய்ப்பு கூடுவதும் இல்லை. கருத்தரிப்பை மேம்படுத்தும் நோக்கத்தில் இந்த வகை ஹார்மோன் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டிகள் தெளிவாகச் சொல்கின்றன. "சுத்தமாகும்" என்ற பேச்சு நம் ஊரில் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. நோய் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். இன்னும் ஒரு வருடம் பிள்ளை வேண்டாம், வலி மட்டும் அடங்கினால் போதும் என்று இருப்பவருக்கு அது சரியான மருந்து. ஒன்றரை வருடம் முயற்சி செய்துவிட்ட 32 வயதுக்காரருக்கு அது ஆறு மாத நஷ்டம்.

இப்போது ஆபரேஷன். இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்ல உண்மையிலேயே காரணம் இருக்கிறது. கட்டியை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டிய நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போய்விடும். ரத்தத்தை நிறுத்தச் சூடு வைத்தால் இன்னும் கொஞ்சம் போகும். ஒரு பக்கக் கட்டியை எடுத்த பிறகு ஏஎம்எச் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு பக்கமும் எடுத்தால் இழப்பு இன்னும் அதிகம். முட்டையை எடுத்து உடம்புக்கு வெளியே கருவாக்கி வைக்கும் ஐவிஎஃப் செய்யப்போகிறோம் என்றால், அதற்கு முன்னால் கட்டியை எடுப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதில்லை. இந்த அளவுக்கு உறுதி.

உறுதியில்லாத பகுதி எது என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு இயற்கையாகவே கரு தங்கும் வாய்ப்பு எவ்வளவு கூடும் என்பது. கட்டி இல்லாத லேசான நோய்க்கு 1997-இல் கனடாவில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது. 341 பெண்கள். வயிற்றில் சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில் நோயைக் கண்ணால் பார்த்ததும் சிலருக்கு அங்கேயே அகற்றினார்கள், சிலருக்குப் பார்த்ததோடு விட்டார்கள். அகற்றியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கும், அகற்றாதவர்களில் 18 பேருக்கும் கரு இருபது வாரம் தாண்டித் தங்கியது. அதன் பிறகு இத்தாலியில் நடந்த சிறிய ஆய்வில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் லேசான நோய்க்குப் பலன் உண்டு என்றே பெரும்பாலோர் ஏற்கிறோம். உங்களைப் போல் கட்டி உள்ளவர்களுக்கு அப்படி நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு பலம் குறைவு. கட்டியை உறிஞ்சிவிடுவதைவிட உரித்தெடுத்தவர்களுக்குத் திரும்ப வருவதும் குறைவு, இயற்கையாகக் கரு தங்கியதும் அதிகம் என்பது தெரியும். எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிடும்போதுதான் பதில் மங்கலாகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. வலி உங்கள் நாளையே கெடுக்கிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை, அல்லது கட்டி வேகமாக வளர்கிறது, அல்லது ஸ்கேனில் அதன் உள்ளே சந்தேகப்படும்படி ஏதோ தெரிகிறது என்றால் ஆபரேஷன் முதலில். 4 செண்டிமீட்டர் இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக என்றால், அவசரம் வேண்டாம். மற்ற சோதனைகளை முடித்துவிட்டுப் பேசலாம். செய்வதென்று முடிவானால் ஒரே தடவை, நன்றாகக் கைபழகியவரிடம் செய்துகொள்ளுங்கள். இந்த வகை ஆபரேஷன் மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், சினைப்பையைக் காப்பாற்ற என்ன செய்வீர்கள், அதே மயக்கத்தில் சாயம் விட்டுக் கருக்குழாய்களையும் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே பார்த்ததை வைத்து 0 முதல் 10 வரை ஒரு கருவள மதிப்பெண் போடும் முறை உண்டு, இஎஃப்ஐ என்பார்கள். அது அதிகமாக இருந்தால் இயற்கையாகவே முயற்சிக்கலாம், குறைவாக இருந்தால் நேராக ஐவிஎஃப். கட்டத்தைவிட இந்த மதிப்பெண் எவ்வளவோ பயனுள்ளது. கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வந்த கட்டிக்கு இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷன் என்று போகும்போதுதான் இளம் வயதிலேயே சினைப்பை வறண்டுபோன பெண்களைப் பார்க்க நேர்கிறது. அது என்னை எப்போதும் வருத்துகிற விஷயம்.

ஏஎம்எச் 9.8 என்று எழுதியிருக்கிறீர்கள், அலகு எழுதவில்லை. இது முக்கியம். மலேசியாவில் லேப்புக்கு லேப் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். பிக்கோமோல் என்றால் 9.8-ஐ 7.14-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 1.4 நானோகிராம் வரும். உங்களுக்கு அதுதான் என்று நினைக்கிறேன், ரிப்போர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 32 வயதுக்கு இது கொஞ்சம் குறைவு, கலங்கிப்போகிற அளவு இல்லை. ஏஎம்எச் என்பது எத்தனை முட்டை மிச்சம் என்பதற்கான குறிப்பு. முட்டை நல்லதா என்பதை அது சொல்லாது. அதை உங்கள் வயதுதான் சொல்லும். 2017-இல் அமெரிக்காவில், கருவளப் பிரச்சினை இருந்ததாகத் தெரியாத 30 முதல் 44 வயதுப் பெண்கள் 750 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஏஎம்எச் குறைந்தவர்களுக்கும் இயற்கையாகக் கரு தங்குவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஊசி போட்டு முட்டை எடுக்கும்போது எத்தனை கிடைக்கும் என்பதில் இந்த எண் பேசும். ஆபரேஷனில் இதிலிருந்தும் ஒரு பங்கு போகலாம் என்பதால்தான் அவசரம் வேண்டாம் என்றேன்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். சேரும்போது வலிக்கிறதா? இதை யாரும் தானாகச் சொல்வதில்லை, கிளினிக்கில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லவே மாட்டார்கள். நான் மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்பேன். முதலில் "இல்லை டாக்டர்" என்பார்கள். அப்புறம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, "உள்ளே ஆழத்தில் குத்துற மாதிரி, அடுத்த நாள் வரைக்கும் வலி" என்பார்கள். கணவர் மில்லில் ஷிப்ட் வேலை, சின்ன வீடு, அடுத்த அறையில் பெரியவர்கள். ஒன்றரை வருட முயற்சி என்று அட்டையில் எழுதியிருக்கும். கணக்குப் பார்த்தால் பல மாதங்களில் சரியான நாளில் ஒரு தடவைகூட இருக்காது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நோயே இதைச் செய்கிறது. வலி இருந்தால் அதை அந்தச் சொல்லிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். அது கருப்பைக்குப் பின்னால் ஆழமாகப் பரவிய நோய்க்கு அடையாளமாக இருக்கலாம். மாதவிலக்கின்போது மலம் கழிக்க வலித்தாலும் அப்படித்தான். அதைக் கண்டுபிடிக்கத் தனியாகக் கவனித்துச் செய்யும் ஸ்கேனோ எம்ஆர்ஐயோ தேவைப்படும். ஆபரேஷன் முதலா என்ற கணக்கையே அது மாற்றிவிடலாம்.

வலி இல்லையென்றால், அல்லது தாங்கும்படி இருந்தால், நாள் கணக்கு எளிது. முட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தங்கக்கூடிய நாட்கள். அந்த வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை போதும். கெடிகாரம் வைத்துக் கட்டாயப்படுத்திக்கொண்டால் இருவருக்கும் வெறுத்துப்போகும். வழவழப்புக்கு விற்கும் ஜெல் சிலது விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும், கருத்தரிக்க முயல்பவர்களுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

அடுத்து உங்கள் கணவர். உங்கள் கேள்வி முழுவதிலும் அவர் இல்லை. ஒரு சோதனையும் அவர் பெயரில் இல்லை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கும். மனைவிக்கு நோய் என்று தெரிந்துவிட்டால் கணவரின் சோதனையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், அது பெரிய தவறு. இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு ஒரு விந்துச் சோதனை, அவ்வளவுதான். வலியும் இல்லை, செலவும் பெரிதில்லை. எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடிக்குக் கீழே போனால், அல்லது ஓட்டம் 42 சதவீதத்துக்குக் கீழே போனால் திரும்ப ஒரு தடவை பார்ப்பார்கள். சிகரெட்டும் தினம் குடிப்பதும் இதைக் கெடுக்கும். இன்று நிறுத்தினால் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும், விந்தணு உருவாக அத்தனை நாள் தேவை. உங்களுக்கு யாரும் கத்தி வைப்பதற்கு முன்னால் இந்த ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். இதை அவரிடம் நீங்கள் சொல்லச் சங்கடமாக இருந்தால் டாக்டர் சொன்னார் என்று என்னைக் காட்டிச் சொல்லுங்கள்.

அப்புறம் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்எஸ்ஜி எக்ஸ்ரே. மாதவிலக்கு நின்றதும், பத்தாம் நாளுக்குள் எடுப்பார்கள். கொஞ்சம் வலிக்கும், அரை மணி முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். இவ்வளவும் ஓரிரு மாதத்தில் முடிகிற வேலை. குழாய் இரண்டும் அடைத்திருந்தாலோ விந்துச் சோதனை மோசமாக இருந்தாலோ நேராக ஐவிஎஃப். இடையில் கட்டியை எடுப்பதில் லாபமில்லை, முட்டை எடுக்கும் ஊசிக்கு அது குறுக்கே நின்றால் தவிர. எல்லாம் நன்றாக இருந்தால் முட்டை வளர மாத்திரை கொடுத்து, விந்தைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் வைக்கும் ஐயுஐ மூன்று, நாலு தடவை பார்க்கலாம். லேசான நோய்க்கு இதில் பலன் உண்டு. உங்களைப் போல் மூன்றாம் கட்டத்தில் பலன் எவ்வளவு என்பது தெளிவில்லை. அதனால் அதிலேயே வருடக்கணக்கில் சுற்ற வேண்டாம். இந்தச் சோதனைகள் முடிந்ததிலிருந்து ஆறு மாதம் என்று ஒரு எல்லை வையுங்கள், அதற்குள் தங்கவில்லை என்றால் ஐவிஎஃப் பேச்சுக்குப் போங்கள். உங்களுக்கு வயது 37 என்றால் இந்த ஆறு மாதத்தையும் நான் கொடுத்திருக்க மாட்டேன். முன்பெல்லாம் ஐவிஎஃப்புக்கு முன்னால் மூன்று மாதம் ஹார்மோனை அடக்கும் ஊசி போடுவோம். அதன் பலன் இப்போது சந்தேகத்துக்குள்ளாகிவிட்டது, எல்லாருக்கும் போடச் சொல்வதில்லை.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தோட்டச் சம்பளத்தில் அதுதான் பெரிய மலை. தனியாரில் ஒரு ஐவிஎஃப் சுற்று பொதுவாக 15,000 ரிங்கிட்டில் தொடங்கும், மருந்தைப் பொறுத்து ஏறும். அதற்கு முன் அரசு வழியைத் தட்டிப் பாருங்கள். சுங்கை சிப்புட் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) கடிதம் வாங்கினால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் பெண்நோய்ப் பிரிவில் பார்க்கலாம். சோதனைகளையும், தேவைப்பட்டால் ஆபரேஷனையும் அங்கேயே பேசலாம். அரசு மருத்துவமனைகளில் ஐவிஎஃப் செய்யும் இடங்கள் குறைவு. அலோர் ஸ்டார் சுல்தானா பஹியாவும் கோலாலம்பூர் துங்கு அஸிஸாவும் அவற்றில் உள்ளவை. எல்பிபிகேஎன் எனும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்துக்கும் கருவளக் கிளினிக் உண்டு. எல்லா இடத்திலும் வரிசை நீளம், அதனால் முடிவு எடுத்த பிறகு பதியலாம் என்று இருக்காமல் இப்போதே பதிந்துவிடுங்கள். தனியாரில்தான் செய்ய வேண்டும் என்று வந்தால், 2020 முதல் இபிஎஃப் சேமநிதிப் பணத்தைக் கருவளச் சிகிச்சைக்கு எடுக்கலாம். கணவன் மனைவி இருவர் கணக்கிலிருந்தும் விண்ணப்பிக்க முடியும். வருமான வரி கட்டுகிறவர்களுக்குக் கருவளச் சிகிச்சைச் செலவுக்குக் கழிவும் உண்டு. தனியார் நிலையத்தில் வெற்றி விழுக்காடு சொன்னால், அது கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் ஆன கணக்கா, குழந்தை பிறந்த கணக்கா என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு.

மாமியார் கூட்டிப்போக நினைக்கும் அந்தப் பாட்டிக்கு வருகிறேன். பிள்ளை பெற்றவர்களுக்குக் கைகால் உருவிவிடும் அந்தக் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சாக்லெட் கட்டி இருக்கும் வயிற்றை அழுத்தி உருவக் கூடாது. கட்டி வெடித்தால் உள்ளே கொட்டும் பழைய ரத்தம் தாங்கமுடியாத வலியைக் கிளப்பும், அவசர ஆபரேஷன் வரை போகலாம். கருப்பை இடம் மாறிவிட்டது, தூக்கி வைக்கிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். மாமியார் மனம் நோகாமல் தடுக்க, முதுகையும் காலையும் மட்டும் பிடித்துவிடச் சொல்லலாம். காச்சிப் பாத்திமா மாதிரியான ஜாமு எனும் மூலிகை மருந்துகளும் வேண்டாம். அவற்றில் சிலவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போன்ற தன்மை இருக்கிறது, இந்த நோய் வளர்வதே ஈஸ்ட்ரோஜனால்தான். சாப்பாட்டில் எதைத் தவிர்த்தால் நோய் போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பால், கோதுமை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி உடம்பை வாட்டிக்கொள்ளாதீர்கள். கோயிலில் நேர்ந்துகொள்ளுங்கள், பால்குடம் எடுங்கள், மனத்துக்குத் தெம்பு வேண்டும். அதற்காக டாக்டர் கொடுத்த தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வலிக்குப் பார்மசியில் வாங்கிப் போடும் போன்ஸ்டான் பற்றி ஒரு எச்சரிக்கை. மாதவிலக்கு நாட்களில் போடலாம். முட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி இந்த வகை மருந்தைத் தொடர்ந்து போட்டால் முட்டை வெடித்து வருவதையே அது தடுக்கக்கூடும். மாதத்தின் நடுவில் வலித்தால் பனடோல் போதும். கூடவே இன்றிலிருந்து தினமும் ஃபோலிக் அமிலம் சாப்பிடத் தொடங்குங்கள், கிளினிக் கெசிஹாத்தானிலேயே கொடுப்பார்கள். அதே நாளில் சர்க்கரை, ரத்தசோகை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். நம் மக்களிடம் சர்க்கரை அதிகம்; தெரியாமல் இருக்கும் சர்க்கரை கருவுக்கு ஆகாது.

பிள்ளை பெற்றால் நோய் போய்விடும் என்பது உண்மையில்லை. கர்ப்பத்திலும், பால் கொடுத்து மாதவிலக்கு வராமல் இருக்கும் மாதங்களிலும் வலி அடங்கியிருக்கும், பலருக்குப் பிறகு திரும்பும். வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் இதை இப்போதே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் குழந்தை பிறந்த பிறகு வலிக்கிறது என்றால் நடிப்பு என்பார்கள். அப்போது விசான் மாதிரியான மருந்துக்கு இடம் உண்டு.

கரு தங்கியது என்று தெரிந்ததும் ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஒரு ஸ்கேன் கட்டாயம் எடுங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், கருச்சிதைவும் அப்படித்தான். பெரும்பாலோருக்கு எதுவும் ஆகாது. ஆனால் மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு ஒரு பக்கமாகக் கடும் வலியோ, ரத்தக்கசிவோ, தலைசுற்றலோ, தோள்பட்டையில் இனம் தெரியாத வலியோ வந்தால், வழக்கமான வலிதான் என்று மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். இரவானாலும் அப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது, கர்ப்பமாக இருக்கலாம் என்ற இரண்டையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.